கேள்வி – பதில்: புள்ளியியல் படித்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி:

மேடம், பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தேன். கணக்கும் உயிரியலும் பிடிக்கும். டாக்டருக்குப் படிக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று, பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல். இன்னொன்று, புதிதாகத் தொடங்கிய கல்லூரியில் ‘செயற்கை நுண்ணறிவும் டேட்டா சயின்ஸும்’. அங்கே கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல், கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். “பட்டத்தின் பெயரிலேயே வேலை இருக்கிறது, யோசிக்காமல் சேர்” என்கிறார் அப்பா. புள்ளியியல் படித்தால் டீச்சர் வேலைக்குத்தான் போக முடியும் என்கிறார் அத்தை. சாஃப்ட்வேரில் இருக்கும் மாமாவோ, “நீ படித்து முடிப்பதற்குள் இந்த வேலையெல்லாம் ஏஐ செய்துவிடும், இரண்டுமே வேண்டாம்” என்கிறார். மருத்துவ ஆராய்ச்சிப் பக்கம் போக வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. அதை விட்டுவிடத்தான் வேண்டுமா? பதினைந்து நாட்களுக்குள் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். எதைப் படித்தால் வேலை நிச்சயம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதைப் படித்தாலும் வேலை நிச்சயம் இல்லை. நிச்சயம் என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அவர் அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் படிப்பில் சேர்ந்தால் எந்தெந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும், மூடியதைப் பிறகு திறக்க எவ்வளவு காலமும் பணமும் ஆகும்?

சில வேலைகளுக்குப் பட்டம்தான் கதவு. மருத்துவம், செவிலியர் பணி, சட்டம், கட்டடக்கலை இவற்றுக்கெல்லாம் அதற்குரிய படிப்பும் உரிமமும் இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. உங்களிடம் இருக்கும் இரண்டு இடங்களும் அந்த வகையில் சேராது. டேட்டா வேலைக்கு உரிமம் எதுவும் கிடையாது. ‘டேட்டா சயின்டிஸ்ட்’ என்ற பதவிப் பெயரே 2008 வாக்கில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதைப் பிரபலப்படுத்தியவர்களில் ஒருவரான டி.ஜே. பாட்டீல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்க அரசின் தலைமை டேட்டா சயின்டிஸ்டாகவும் 2015-ல் நியமிக்கப்பட்டார். அந்த வேலையில் முதலில் அமர்ந்தவர்கள் யாரும் அந்தப் பெயரில் பட்டம் வாங்கியவர்கள் அல்ல. வாங்கவும் முடியாது, அப்படி ஒரு பட்டமே அப்போது இல்லை. அதனால் பட்டத்தின் பெயரும் பதவியின் பெயரும் ஒன்றாக இருப்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

அதற்காகப் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வேலைக்கு விண்ணப்பம் குவியும்போது, நேரம் இல்லாத ஒருவர் பட்டத்தையும் கல்லூரியையும் பார்த்துத்தான் கழித்துக் கட்டுவார். வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை தெரியாது, அதனால் பட்டத்தை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்கிறார் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கும்போது நடைமுறையில் நான் பார்ப்பதும் அதுதான். ஆனால் இந்த அடையாளத்தின் பலன் முதல் வேலையோடு பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது வேலைக்கு வருபவரிடம் “போன இடத்தில் என்ன செய்தீர்கள்” என்றுதான் கேட்போம். பட்டம் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போயிருக்கும்.

அப்புறம், உங்கள் ஆசை. அதை விட வேண்டியதே இல்லை. நோயாளிக்கு மருந்து எழுத டாக்டர் பட்டம் வேண்டும். அந்த மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கும் குழுவில் உட்கார அது வேண்டியதில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்பவரைப் பற்றித் தேடிப் படியுங்கள். அவரும் டாக்டராக ஆசைப்பட்டவர்தான். முதல் உலகப்போரில் விமானியாக இருந்தபோது காசநோய் வந்து படுத்தார், மருத்துவக் கனவு போயிற்று. தபால் வழியாகப் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கி, அங்கிருந்து புள்ளியியலுக்கு வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுகிறதா என்று சோதித்து 1948-ல் வெளியான ஆய்வை வடிவமைத்தவர் அவர்தான். மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. தற்செயல் எண்களை வைத்து முன்கூட்டியே தீர்மானித்து, மூடிய உறைக்குள் போட்டுவிட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் மருந்துச் சோதனைகள் நடக்கும் விதத்துக்கு அதுதான் முன்மாதிரி. ரிச்சர்ட் டால் என்ற மருத்துவரோடு சேர்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் எடுத்துக்காட்டியவரும் இதே ஹில்தான்.

இன்று அந்தப் பக்கம் நிறைய வேலை இருக்கிறது. மருந்துச் சோதனைகளின் புள்ளியியல் பொறுப்பு, தகுதியும் அனுபவமும் உள்ள புள்ளியியலாளரிடம் இருக்க வேண்டும் என்று பல நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து வகுத்த ஐசிஎச் இ9 என்ற வழிகாட்டுதல் 1998-லேயே சொல்லிவிட்டது. எத்தனை பேரை வைத்துச் சோதனை செய்வது, அவர்களை எப்படிப் பிரிப்பது, முடிவுகளைத் திறந்து பார்க்கும் முன்பே எந்தக் கணக்கைப் போடப்போகிறோம் என்று எழுதி வைப்பது, இதெல்லாம் அவர்கள் வேலை. உயிரிப் புள்ளியியல் என்று தனித் துறையே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களில், அபாயத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆக்சுவரி என்றொரு தொழில் உண்டு. அதற்கு வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறை அமைப்பின் தேர்வுகளை எழுதித் தேற வேண்டும். வங்கிகளின் கடன் அபாயப் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கு, தொற்றுநோய் ஆய்வு, ஆலைகளின் தரக்கட்டுப்பாடு என்று இன்னும் நீளும். ஆசிரியர் வேலையும் நல்ல வேலைதான், ஆனால் அது மட்டும்தான் என்பது சரியல்ல. அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இனி இரண்டு படிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கல்லூரியின் விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, இரண்டு இடங்களிலும் முழுப் பாடத்திட்டத்தை வாங்குங்கள். செமஸ்டர் வாரியாக எந்தெந்தப் பேப்பர் என்று போட்டிருப்பார்களே, அது. டேட்டா சயின்ஸ் பாடத்திட்டத்தில் நிகழ்தகவு, லீனியர் ஆல்ஜிப்ரா, கால்குலஸ் ஆகியவை தனித்தனிப் பேப்பர்களாக இருக்கின்றனவா, அல்லது ‘ஏஐ-க்கான கணிதம்’ என்று ஒரே பேப்பரில் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்களா? புள்ளியியல் அனுமானம், ரெக்ரஷன் (ஓர் அளவை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை), மாதிரி எடுத்தல், சோதனை வடிவமைப்பு இவற்றுக்கு எவ்வளவு இடம்? மீதி இடத்தில் ஏதோ ஒரு மென்பொருளின் பெயரைத் தாங்கிய பேப்பர்கள் வரிசையாக நின்றால் கொஞ்சம் தயங்குங்கள். டென்சர்ஃப்ளோ என்ற ஏஐ மென்பொருள் 2015-ல்தான் வந்தது. அதற்கு முன்பிருந்து பலரும் பயன்படுத்திய தியானோ என்ற கருவியை உருவாக்கியவர்களே அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக 2017-ல் அறிவித்தார்கள். முதலாம் ஆண்டில் படித்த கருவி கடைசி ஆண்டுக்குள் பழசாகலாம். அடிப்படைக் கணிதம் அப்படிப் பழசாகாது. ரெக்ரஷனுக்கு அடிப்படையான குறைந்த வர்க்க முறையை லஜாந்தர் என்ற கணித அறிஞர் வெளியிட்டது 1805-ல். இன்றைய ஏஐ-க்குப் பின்னால் இருக்கும் நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிப்பதும் கால்குலஸில் வரும் சங்கிலி விதியை வைத்துத்தான்.

பாடத்திட்டத்தோடு நிற்காமல், முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் ஒரு துறையின் லட்சணம் வினாத்தாளில்தான் தெரியும். “வரையறு”, “வகைகளைப் பட்டியலிடு”, “நன்மை தீமைகளை எழுது” என்றே ஐந்து பக்கமும் போகிறதா? அங்கே பட்டத்தின் பெயர் எதுவானாலும் நீங்கள் கற்பது மனப்பாடம்தான். ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்து, “இதிலிருந்து இப்படி முடிவு செய்தது சரியா, காரணம் கூறு” என்று கேட்டிருக்கிறார்களா? அந்தத் துறையில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், இன்டர்வியூவில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். நான் அடிக்கடி கொடுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. உடல் எடையைக் குறைக்கும் ஒரு சிகிச்சை. ஒவ்வொருவரின் எடையும் மாதாமாதம் பதிவாகியிருக்கும். கடைசி மாதத்தில் பத்துக்கு மூன்று பேரின் எடை காலியாக இருக்கும். “சிகிச்சை பலன் தந்ததா பாருங்கள்” என்பேன். பலர் மடிக்கணினியைத் திறந்து, காலி இடங்களைச் சராசரியால் நிரப்பி, இரண்டு நிமிடத்தில் வரைபடத்தோடு திரும்புவார்கள். கோடு, நிறம் எல்லாம் அழகாக இருக்கும். நான் காத்திருப்பது ஒரே ஒரு கேள்விக்கு: “இவர்கள் ஏன் கடைசி மாதம் வரவில்லை?” எடை குறையாமல் சலித்துப்போய் நின்றவர்கள் இவர்கள் என்றால், மிச்சம் இருப்பவர்களின் சராசரியை வைத்து நிரப்புவது தோற்ற சிகிச்சையை ஜெயித்ததாகக் காட்டும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் புள்ளியியல் படித்தவர்கள் அல்ல. கேட்காத புள்ளியியல் பட்டதாரிகளும் வந்திருக்கிறார்கள். ஆனால் கேட்பவர்களை விசாரித்தால், எங்கேயோ ஒரு வாத்தியார் எண்களைச் சந்தேகப்படப் பழக்கியிருப்பார்.

புள்ளியியல் துறைகளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பல இடங்களில் தேற்றங்களை நிரூபிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். உண்மையான, அழுக்கான டேட்டா ஒன்றைத் தொடாமலேயே பட்டம் வாங்கி வெளியே வருபவர்கள் உண்டு. பைத்தானோ ஆர் மொழியோ தெரியாது. டேட்டாபேஸிலிருந்து இரண்டு அட்டவணைகளை இணைத்து எடுக்க எஸ்க்யூஎல் தெரியாது. அப்படி வருபவருக்கு முதல் வேலை கிடைக்க நாளாகும். இந்த இடத்தில் டேட்டா சயின்ஸ் பட்டதாரி முந்திக்கொள்வார், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் ஒரு வித்தியாசம்: நிரல் எழுதுவதை மாலை நேரங்களில் நீங்களாகவே கற்றுக்கொள்ளலாம், வழி நிறைய இருக்கிறது. நிகழ்தகவுக் கோட்பாட்டை வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து கற்றவர்கள் மிகக் குறைவு. மேற்படிப்பிலும் இதே கதைதான். புள்ளியியலில் இருந்து டேட்டா சயின்ஸ், உயிரிப் புள்ளியியல், பொருளாதாரம் என்று எங்கும் போக முடியும். கணினி அறிவியலுக்குக்கூட ஒன்றிரண்டு பாடங்களைக் கூடுதலாக முடித்துவிட்டுப் போகலாம். கணித அடித்தளம் இல்லாத டேட்டா சயின்ஸ் பட்டத்தோடு புள்ளியியல் மேற்படிப்புக்குப் போனால், முன்தேவையான பாடங்களைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்பா சொல்வதற்குப் பின்னால் இருப்பது பயம், நியாயமான பயம்தான். ஆனால் இன்றைய சம்பளத்தைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. சம்பளம் ஏறியிருக்கும்போது கூட்டமாகச் சேர்வார்கள், படித்து முடிப்பதற்குள் சில வருடங்கள் ஓடிவிடும், எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், சம்பளம் இறங்கும். அதைப் பார்த்து அடுத்த கூட்டம் விலகிப்போகும், பிறகு ஆள் பற்றாக்குறை வரும். பொறியாளர்களை வைத்து ரிச்சர்டு ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் இதை 1976-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். கண்ணெதிரே நடந்த உதாரணம் பெட்ரோலியப் பொறியியல். 2014-ன் நடுப்பகுதியில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்றது. அந்த ஜோரில் சேர்ந்தவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2016 தொடக்கத்தில், விலை 30 டாலருக்கும் கீழே போய்விட்டது. நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் பட்டத்தோடு வந்து நின்றார்கள். டேட்டா சயின்ஸுக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. பெயர் குறுகலாக இருக்கும் பட்டத்தில் இந்த அலை நேரடியாக அடிக்கும் என்று சொல்கிறேன்.

மாமாவின் கவலைக்கு ஜெஃப்ரி ஹின்டன் என்ற ஒரே மனிதரை வைத்துப் பதில் சொல்லலாம். ஏஐ-யின் முன்னோடிகளில் ஒருவர், 2024-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கேம்பிரிட்ஜில் பாடம் மாற்றிப் பாடம் மாற்றி, கடைசியில் 1970-ல் அவர் வாங்கிய இளநிலைப் பட்டம் சோதனை உளவியலில். அவரே 2016-ல், ஐந்து வருடத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களை ரேடியாலஜிஸ்டுகளைவிட இயந்திரம் நன்றாகப் படிக்கும், இனி அந்த வேலைக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து வருடம் கடந்து இன்னும் சில வருடங்களும் ஆயிற்று. கருவிகள் வந்தன, ரேடியாலஜிஸ்டுகளும் இருக்கிறார்கள். அந்தத் துறையை உருவாக்கியவருக்கே கணிப்பு தப்பியது என்றால், உங்கள் மாமாவும் நானும் எம்மாத்திரம்? வழக்கமான நிரல் எழுதும் வேலை குறையக்கூடும் என்பது மட்டும் எனக்கும் படுகிறது. அப்படியானால் நிரல் மட்டும் கற்றுத்தரும் பட்டத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

பணத்தைப் பற்றிச் சற்றுக் கறாராகவே பேச வேண்டும். நீங்கள் விரும்பும் மருத்துவ ஆராய்ச்சிப் பக்கம் இளநிலைப் பட்டத்தோடு போனால் தொடக்க நிலை வேலைகள்தான் கிடைக்கும். புள்ளியியலாளர் என்ற பொறுப்புக்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். இப்போதே பெரிய கடனை வாங்கிவிட்டால், பட்டம் கையில் வந்ததும் முதலில் கிடைக்கும் வேலையைப் பிடித்துத் தவணை கட்ட ஓடுவீர்கள். முதுநிலை தள்ளிப்போகும், தள்ளிப்போனது பலருக்கு நடக்காமலேயே போகும். கடன்தான் உங்கள் விஷயத்தில் மூடப்போகும் பெரிய கதவு. அப்பாவிடம் பேசும்போது ஆசை, ஆர்வம் என்று ஆரம்பிக்காமல் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: இந்தப் பக்கம் இளநிலை மட்டும், அந்தப் பக்கம் ஏறக்குறைய அதே செலவில் இளநிலையும் முதுநிலையும்.

கல்லூரி காட்டும் வேலைவாய்ப்பு எண்களையும் ஒரு புள்ளியியல் மாணவிபோலவே பாருங்கள். ‘அதிகபட்சச் சம்பளம்’ என்பது ஒரே ஒருவரின் கதை. வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் பதிவு செய்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன, என்ன பதவி என்று கேளுங்கள். புதிய கல்லூரியில் இன்னும் ஒரு வகுப்புகூடப் படித்து முடித்து வெளியே வரவில்லை என்றால், அவர்கள் காட்டுவது வேறு பிரிவின் எண்களாக இருக்கும். அதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு புள்ளியியல் பக்கம்தான். இரண்டு சூழ்நிலைகளில் மாற்றிக்கொள்வேன். புதிய கல்லூரியின் பாடத்திட்டத்தில் நான் சொன்ன கணிதப் பேப்பர்கள் முழுசாக இருந்து, சொல்லிக்கொடுக்க ஆட்களும் இருந்து, கடனில்லாமல் சமாளிக்க வழியும் பிறந்தால் அங்கே போவதில் தவறில்லை. இன்னொன்று, உங்களுக்கே கணிதத்தின் அந்தப் பகுதி ஒத்துவராமல் போனால். பள்ளிக் கணக்கில் மதிப்பெண் வாங்குவது வேறு, நாள் முழுக்க நிரூபணங்களோடு மல்லுக்கட்டுவது வேறு. இந்த வாரமே நூலகத்தில் கல்லூரி முதலாண்டு நிகழ்தகவுப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் இரண்டு அத்தியாயங்களின் பயிற்சிகளை விடையைப் பார்க்காமல் போட்டுப் பாருங்கள். தப்பாக வந்தால் பரவாயில்லை. தப்பு எங்கே என்று தேடும்போது எரிச்சல் மட்டும்தான் வருகிறதா, கொஞ்சம் சுவாரசியமும் வருகிறதா என்று கவனியுங்கள். இரண்டு துறைகளிலும் கடைசி ஆண்டு மாணவர்கள் யாரையாவது பிடித்து, “படிப்பு எப்படி இருக்கிறது” என்று பொதுவாகக் கேட்காமல், “போன வாரம் வகுப்பில் என்ன செய்தீர்கள்” என்று கேளுங்கள்.

புள்ளியியலில் சேர்ந்தால், விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பு வரும்போது மரபியலோ தொற்றுநோயியலோ கிடைத்தால் எடுங்கள். உயிரியல் பிடிக்கும் என்கிறீர்களே, அது அங்கே வீணாகாது. முதல் செமஸ்டரிலேயே ஆர் மொழியை ஆரம்பித்துவிடுங்கள், வகுப்பில் கையால் போடும் ஒவ்வொரு கணக்கையும் அன்று மாலையே அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் எஸ்க்யூஎல் போதும். மருந்துச் சோதனை நிறுவனங்கள் எஸ்ஏஎஸ் என்ற மென்பொருளை அதிகம் பயன்படுத்துகின்றன, அதற்குக் கடைசி ஆண்டில் நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு அவசரமான வேலை வேறு: இரண்டு இடங்களிலும், முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு விலகினால் எந்தத் தேதி வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் கெடு சில சமயம் அதனாலேயே கொஞ்சம் நீளும்.